கிராம சபையில் பேசவும் கூட்டம் நடத்தவும் பழக்குவது எப்படி

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோத்தகிரி, குன்னூர் பக்கத்து மகளிர் குழுப் பெண்களும் சிறு தேயிலை விவசாயிகளும் அங்கே எழுந்து பேச வேண்டுமென்றால், 6 வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை, ஞாயிறு மதியம், 2 மணி நேரம். வேலை நாளில் இலை எடை போட்டு வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். களைத்து வருபவர் உட்கார்ந்து கேட்பார், வாய் திறக்க மாட்டார். 12 பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் வாரம் இரண்டு முறையாவது பேச வாய்ப்பு வர வேண்டும்.

"பயப்படாதீங்க" என்று சொல்வதால் யாருக்கும் பயம் போவதில்லை. சின்னச் சின்னப் படியாக ஏறினால்தான் குறையும். முதல் வாரம் பக்கத்தில் இருப்பவரிடம் உட்கார்ந்தபடி ஒரு நிமிடம். இரண்டாம் வாரம் 4 பேர் முன்னால். மூன்றாம் வாரம் எல்லார் முன்னாலும் நின்று. நான்காம் வாரம் பக்கத்து ஊர்க் குழுவைக் கூப்பிட்டு, முகம் தெரியாதவர்கள் முன்னால். ஐந்தில் சமுதாயக் கூடத்தில் மைக் பிடித்து. ஆறாம் வாரம் முழு ஒத்திகை. படியைத் தாண்டி நேராக மேடையில் நிறுத்தினால் நடுங்கியதுதான் மனதில் தங்கும், அடுத்த வாரம் வரமாட்டார். வீட்டில் படுகு மொழி பேசுபவர் முதலில் படுகிலேயே சொல்லட்டும், பிறகு தமிழில். பேச்சுத் தமிழே போதும்.

விஷயத்தை மூன்று கட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: ஒன்று, எங்கே, எப்போதிலிருந்து என்ன குறை; இரண்டு, அதனால் யாருக்கு என்ன கஷ்டம்; மூன்று, யார், எப்போதைக்குள், என்ன செய்ய வேண்டும். "பஸ் ஸ்டாப்பிலிருந்து கோயில் வரைக்கும் 4 தெருவிளக்கு பொங்கலிலிருந்து எரியல. டியூஷன் போற பிள்ளைங்க அந்த வழியாத்தான் வராங்க, இருட்டினா கரடி நடமாட்டம் இருக்கு. இந்த மாசத்துக்குள்ள மாத்தித் தரணும், இதைத் தீர்மானமா எழுதணும்." அரை நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது தொடக்கத்தில்தான்: மேடையில் இருப்பவர்களுக்கெல்லாம் பெயர் பெயராக வணக்கம் சொல்லி முடிக்கும்போது கேட்பவர் கவனம் போயிருக்கும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம் போதும்.

முழுவதையும் மனப்பாடம் செய்ய விடாதீர்கள். ஒரு சொல் மறந்தால் பின்னால் வருவதெல்லாம் சரியும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். நடுவுக்கு மூன்று சொல் எழுதிய அட்டை போதும். வெறும் தாள் கை நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையைப் போஸ்ட்கார்டு அளவில் வெட்டிக்கொள்ளுங்கள்.

குளிரில் தொண்டை இறுகும். பேசுவதற்கு முன் வெந்நீர் குடித்து, வாய் மூடி 2 நிமிடம் 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். பிறகு 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விட வேண்டும். தகரக் கூரை மேல் மழை கொட்டும்போது கத்திப் பயனில்லை, தணியும்வரை நிற்கப் பழக்குங்கள். அக்டோபர், நவம்பர் கூட்டங்களில் இது நிச்சயம் உதவும். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் வீறிடும்.

பேசி முடித்தவரிடம் நன்றாக வந்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று. அவ்வளவுதான். ஐந்து குறை சொன்னால் ஒன்றும் திருந்தாது.

கூட்டம் நடத்துவது வேறு கலை. பேச்சில் தேறியவர் பலர் இதில் தவறுவார்கள், ஏனென்றால் இங்கே நடத்துபவருக்குப் பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும். வட்டமாக உட்கார வையுங்கள். அதிகம் பேசுபவரை நடத்துபவருக்குப் பக்கத்திலும், பேசாதவரைக் கண்ணில் படும்படி எதிரிலும். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றால் தலைகள் குனியும். "உங்க தெருவுல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதடவை வருது?" என்றால் பதில் வரும். கேட்டுவிட்டு மனதுக்குள் 8 வரை எண்ண வேண்டும். இந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தானே பதில் சொல்லிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அப்படியும் யாரும் பேசாவிட்டால் இரண்டிரண்டு பேராக 2 நிமிடம் பேசவிட்டுப் பிறகு கேட்கலாம்.

ஆளுக்கு 3 புளியங்கொட்டை கொடுத்து, பேசும்போதெல்லாம் ஒன்றை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். கொட்டை தீர்ந்தவர் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். பழைய சண்டையை இழுப்பவரிடம், "அக்கா, இதைத் தனியா எழுதி வெச்சுக்கிறேன், கடைசியில எடுப்போம்" என்று சொல்லிச் சார்ட்டில் எழுத வேண்டும். கடைசியில் கட்டாயம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள். சார்ட்டில் எழுதுவது பேசியவரின் சொற்களாகவே இருக்கட்டும். ஒத்திகையில் ஒருவர் 10 நிமிடம் நடத்தட்டும். விடாமல் பேசுபவர், முணுமுணுப்பவர், சண்டை இழுப்பவர் என்ற வேடங்களை மற்ற மூவருக்கு ரகசியமாகக் கொடுங்கள்.

கிராம சபை அன்று நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். நீங்கள் பழக்கியவர் பேசும்போது தடுமாறினாலும் எடுத்துக்கொடுக்காதீர்கள், அட்டை கையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் தீர்மானப் பதிவேட்டில் தன் கோரிக்கை ஏறியிருக்கிறதா என்று அவரே கேட்டுப் படித்துப் பார்க்கட்டும்.