பழைய நோட்ஸைத் தூசி தட்ட ஏஐயிடம் என்ன கேட்பது

அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் ஆப்பில் வருஷக்கணக்கில் எழுதிக் குவித்துவிட்டுத் திரும்பியே பார்க்காத குறிப்புகளை மொத்தமாக ஏஐயிடம் கொட்டி 'சுருக்கித் தா' என்று கேட்காதீர்கள், யாரும் படிக்காத குறிப்பு இன்னொன்று கூடும், அவ்வளவுதான். கேட்க வேண்டியது, இதில் எந்தெந்த வரி காலாவதி ஆகியிருக்கலாம் என்பதை.

பெங்களூர்க்காரர்கள் உதாரணம் தேடி அலைய வேண்டாம். என்னிடம் இருக்கும் 2023 குறிப்பு: 'மெட்ரோ அதிகபட்சம் 60 ரூபாய். எலக்ட்ரானிக் சிட்டிக்கு மெட்ரோ இல்லை. சொத்து வரிக்கு பிபிஎம்பி.' 2025இல் மூன்றும் போச்சு. பிப்ரவரியில் கட்டணம் 90 வரை ஏறியது, ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டி வழியாக மெட்ரோவின் மஞ்சள் லைன் வந்தது, செப்டம்பரில் பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சி இருந்த இடத்தில் ஐந்து மாநகராட்சிகள்.

முதலில் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் பத்திருபது ஃபைலாகக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: 'நான் எழுதியதில் கை வைக்காதே. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் மூன்று வரி மட்டும் சேர்: இது எந்தக் கேள்விக்குப் பதில், எந்த வரிகளைச் சரிபார்க்க வேண்டும், தேடுவதற்கான வேறு சொற்கள்.'

அந்த மூன்றாவது வரிதான் பல மொழி கலந்து எழுதும் நம்மைப் போன்றவர்களுக்கு ரொம்ப முக்கியம். வீட்டு ஓனரிடம் பேசியதை ஒருநாள் 'அட்வான்ஸ்' என்றும் இன்னொரு நாள் 'டெபாசிட்' என்றும், கன்னடத்தில் கேட்டது காதில் நின்றதால் வாடகையை 'பாடிகெ' என்றும் எழுதி வைத்திருப்போம், அதுவும் பாதி ஆங்கில எழுத்தில். சாதாரணத் தேடலில் எதுவும் சிக்காது.

சரிபார்க்கும் வேலை உங்களுடையது. ஏஐ மாடலின் அறிவு ஏதோ ஒரு தேதியோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு நடந்தது தெரியாமலே '60 ரூபாய்தான்' என்று அடித்துச் சொல்லும். பார்த்து முடித்ததும் தேதி போடுங்கள். எந்தக் கேள்விக்கும் பதிலாக இல்லாததை அழிக்க வேண்டாம், தனி ஃபோல்டரில் தள்ளினால் போதும்.

ஆதார், வாடகை ஒப்பந்தம், பேங்க் விவரம் உள்ளவற்றை ஆன்லைனில் ஏற்றாதீர்கள். ஏஐ மாடல்களை நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்ட உதவும் ஓலாமா என்ற மென்பொருளைப் போட்டு லேப்டாப்பிலேயே ஓட்டலாம், ஆனால் சின்ன மாடல்களுக்குத் தமிழ் கொஞ்சம் தகராறுதான்.

இனிமேல் புதிதாக எதையாவது எழுத உட்காரும்போது, 'இதைப் பற்றி ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறேன், ஃபைல் பெயரோடு சொல்' என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். ஃபைல் பெயர் சொல்லாத பதிலை நம்பாதீர்கள்.