அம்மாவின் பட்டன் போனுக்கு எந்த ரீசார்ஜ்?

அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போன் பேசினால் அதிகம். சித்திக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மற்றதெல்லாம் அவருக்கு வருபவை. அது போக வங்கியிலிருந்து வரும் ஓடிபி, கேஸ் சிலிண்டர் பதிவு. இதற்கு 28 நாளுக்கு ஒருமுறை 199 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். அதில் இரண்டு ஜிபி டேட்டா வேறு. அவர் வைத்திருப்பதோ பட்டன் போன்!

போன வருடம் உட்கார்ந்து கணக்குப் போட்டு மாற்றினேன். செய்தது இதுதான்.

முதலில் போனைப் பாருங்கள். பழைய 2ஜி பட்டன் போன் என்றால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அவர்களிடம் 2ஜி சேவையே கிடையாது. அப்புறம் சிக்னல். திண்ணையில் நான்கு கோடு காட்டி அடுப்படியில் ஒன்றும் இல்லாமல் போகும் சிம்மை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டில் என்ன சிம் என்று கேட்டாலே போதும்.

அடுத்தது வகுத்தல். பேக்கின் விலையை நாட்களால் வகுக்க வேண்டும். குறைவாகப் பேசுகிறவர் காசு கொடுத்து வாங்குவது நிமிடத்தையோ ஜிபியையோ அல்ல, வேலிடிட்டி நாட்களை. 199-ஐ 28-ஆல் வகுத்தால் நாளுக்கு 7 ரூபாய் 11 பைசா. 28 நாள் பேக்கை ‘மாதப் பேக்’ என்று நினைத்து ஏமாற வேண்டாம். வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை போட வேண்டிவரும். அதாவது 2,587 ரூபாய்.

இணையமே வேண்டாம் என்பவர்களுக்கு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் இருக்கிறது. இப்படி ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 பிப்ரவரி நிலவரப்படி ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, ஒரு வருடத்துக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. நாளுக்கு ஐந்து ரூபாய் சொச்சம்தான். விலை அடிக்கடி மாறும், போடும் அன்று ஒருமுறை சரிபாருங்கள். நிறுவனத்தின் செயலியில் இந்தப் பேக் கண்ணில் படவே படாது. ‘பிரபலமானவை’ என்று மேலே மின்னுவதையெல்லாம் தாண்டிக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

வருடப் பேக் மலிவுதான். ஆனாலும் அம்மாவுக்கு 84 நாள் பேக்தான் போட்டேன். மழைக்காலத்தில் எங்கள் ஊர் சிக்னல் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால் மொத்தப் பணமும் மாட்டிக்கொள்ளும்.

சரி, நான் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். முதல் தடவை பேக் முடிந்ததும், ‘கொஞ்சம்தானே பேசுகிறார், காசு போட்டு வைத்தால் போதும்’ என்று 100 ரூபாய்க்கு டாப்-அப் செய்துவிட்டேன். கணக்கில் ஏறியது 81 ரூபாய் 75 பைசா. 18 சதவீத ஜிஎஸ்டி போனால் 84.75, அதில் செயல்பாட்டுக் கட்டணம் 3 ரூபாய். அது புரிந்தது. புரியாதது, காசு இருந்தும் அம்மாவால் யாரையும் அழைக்க முடியவில்லை என்பது. எண்ணை அழுத்தினால் ‘ரீசார்ஜ் செய்யவும்’ என்று ஒரு குரல். இரண்டு நாள் போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார், பாவம். கடைத்தெருவில் ரீசார்ஜ் போடுகிற தம்பிதான் விளக்கினார்: டாப்-அப் என்பது பர்ஸில் வைக்கும் சில்லறை, வேலிடிட்டி என்பது வீட்டு வாடகை, சில்லறை இருக்கிறது என்பதற்காகக் கதவு திறக்காது. கூடுதல் இணையத்துக்கென்று போடும் டேட்டா பூஸ்டரும் இதே கதைதான், அடிப்படைப் பேக் உயிரோடு இருந்தால்தான் ஓடும். ஆகவே பணம் கட்டும் முன் அந்தப் பேக்கின் விவரத்தில் ‘சேவை வேலிடிட்டி’ எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் அது உங்களுக்கான பேக் இல்லை.

பணம் கட்ட நான் சொல்வது நிறுவனத்தின் சொந்தத் தளம், இல்லையென்றால் தெருமுனைக் கடை. பணப்பரிமாற்றச் செயலிகள் சில, ரீசார்ஜுக்கென்று தனியாக ஒன்றிரண்டு ரூபாய் பிடிக்கின்றன. ஐந்து ரூபாய்க்கு ஒரு நாள் என்று கணக்குப் பார்க்கிற நமக்கு அது கிட்டத்தட்ட அரை நாள் காசு வரை போகும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த நண்பர் ஒருவர் எஸ்எம்எஸ் இல்லாத மலிவுப் பேக் போட்டுவிட்டு, புதுப் போனில் யுபிஐ பதிவு ஆகவில்லை என்று திண்டாடினார். அந்தப் பதிவின்போது நம் சிம்மிலிருந்து வங்கிக்கு ஓர் எஸ்எம்எஸ் போயாக வேண்டும். பேக்கில் எஸ்எம்எஸ் இல்லையென்றால் இருப்பில் ஒன்றிரண்டு ரூபாயாவது இருக்கட்டும். டாப்-அப் உதவுகிற இடம் இதுதான்.

இன்னொன்று: இரண்டாவது சிம்மை எண் போகாமல் வைத்திருக்க மட்டும் நினைப்பவர்கள் இருப்பில் 20 ரூபாய் விட்டு வையுங்கள். 90 நாள் பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் ரத்து செய்யலாம். இருப்பில் காசு இருந்தால் 20 ரூபாய் எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் விடுவார்கள். எண் மட்டும்தான் நிற்கும், பேச முடியாது.

அம்மா இப்போது சமையலறை நாள்காட்டியில் 84-ஆம் நாளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே.