பேக்ரவுண்ட் செக்குக்கு ஐடி ப்ரூஃப் ரெடி பண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, இனி என்னன்னு பேக்ரவுண்ட் செக் (வேலையில சேர்றதுக்கு முன்னாடி நம்ம விவரம் எல்லாம் சரியான்னு கம்பெனி பாக்கறது) லிங்க்க கடைசி நாள் ராத்திரி திறந்து, கையில கிடைச்சத அப்லோட் பண்றவங்க நிறைய பேர். போலி சர்டிபிகேட் கொடுத்தாதான் மாட்டுவோம், நம்மகிட்ட எல்லாம் ஒரிஜினல்தானேன்னு ஒரு தைரியம். ஆனா ஒரு ஒரிஜினல்ல இருக்கறதும் இன்னொரு ஒரிஜினல்ல இருக்கறதும் ஒத்துப்போகலைன்னாலே ஃபைல் நின்னுடும். செக் பண்றவருக்கு உங்கள யாருன்னே தெரியாது, அவர் பாக்கறது எழுத்தையும் நம்பரையும் மட்டும்தான்.

முதல்ல பேர் விஷயம், நம்ம ஆளுங்களுக்கு இதுலதான் பெரிய தலைவலி. டிகிரி சர்டிபிகேட்ல "ஆர். கவிதா", பாஸ்போர்ட்ல இனிஷியல விரிச்சு "கவிதா ராமசாமி", கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த பேங்க் அக்கவுண்ட்ல புருஷன் பேரு. மூணும் ஒரே ஆளுன்னு நமக்குத் தெரியும், சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கட்டாயம்னு கேக்கும், ஒத்தப் பேர் இருக்கறவங்க அங்க ஒரு புள்ளி வெப்பாங்க, இல்ல அதே பேர ரெண்டு தடவ அடிப்பாங்க, அப்புறம் ரிப்போர்ட்ல "கவிதா கவிதா"ன்னு புதுசா ஒருத்தர் பொறந்திருப்பார். பாஸ்போர்ட்ல கிவன் நேம் இடம் காலியா இருந்தா அமெரிக்க விசாவுல அந்த இடத்துல "எஃப்என்யு"ன்னு அச்சடிச்சு வரும், அதையே தன் பேரா நினைச்சு ஃபார்ம்ல எழுதறவங்களும் இருக்காங்க, அது முதல் பேர் தெரியலைங்கறதுக்கான சுருக்கம் மட்டும்தான்.

என்ன பண்ணலாம்னா, ஒரு டாகுமெண்ட்ட அடிப்படையா வெச்சுக்கோங்க, பாஸ்போர்ட் இருந்தா அதுதான் நல்லது. அதுல இருக்கற மாதிரியே ஒரு எழுத்து மாறாம டைப் பண்ணுங்க. மத்த பேப்பர்ல இருக்கற பேர் எல்லாத்தையும், வேற பேர்கள்னு கேக்கற கட்டத்துல ஒண்ணு விடாம போடுங்க. அந்தக் கட்டத்த காலியா விடறதுதான் நான் பாக்கறதுலயே பெரிய தப்பு. நீங்களா முன்னாடியே சொன்னா அது ஒரு தகவல், அவங்களா கண்டுபிடிச்சா மறைச்சுட்டீங்கன்னு ஆயிடும். கூடவே திருமணச் சான்றிதழோ பேர் மாத்தின கெசட்டோ (அரசிதழ் அறிவிப்பு) எது இருக்கோ அதையும் வெச்சுடுங்க.

பிறந்த தேதி அடுத்தது. 03/07 அப்படின்னா ஒரு ஊர்ல ஜூலை 3, இன்னொரு ஊர்ல மார்ச் 7. மாசத்த எழுத்துலயே எழுதிடுங்க, கட்டத்துல நம்பர்தான் போடணும்னா எது நாள் எது மாசம்னு பாத்துட்டுப் போடுங்க. பாஸ்போர்ட் போட்டோ பக்கத்துக்கு அடியில ரெண்டு வரி இருக்கும்ல, வரிக்கு 44 எழுத்து, அதுல ரெண்டாவது வரியில பிறந்த தேதி வருஷம்-மாசம்-நாள்னு ஆறு நம்பரா இருக்கும், 1994 ஜூலை 3ன்னா 940703. பெரும்பாலும் மெஷின் படிக்கறது இந்த ரெண்டு வரியத்தான், அதனால ஸ்கேன்ல இது வெட்டுப்படவே கூடாது.

ஸ்கேன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஃப்ளாஷ் போட்டு எடுக்காதீங்க, லாமினேஷன்ல வெளிச்சம் அடிச்சு நம்பர் மறைஞ்சுடும். நாலு மூலையும் தெரியணும், கார்டுன்னா பின்பக்கமும் வேணும். ஸ்கேனர் ஆப்ல கருப்பு வெள்ள ஃபில்டர் போட்டா ஜெராக்ஸ் மாதிரி ஆயிடும், கலர்லயே விடுங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பி திரும்ப டவுன்லோட் பண்ணதையும் போடாதீங்க, குவாலிட்டி போயிடும்.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். டிஜிட்டல் கையெழுத்து உள்ள பிடிஎஃப்ப, பாஸ்வேர்ட் எடுக்கறதுக்காக பிரிண்ட் குடுத்து புது பிடிஎஃப்பா சேவ் பண்ணுவாங்க, அந்த நிமிஷமே கையெழுத்து போச்சு, வெறும் படம்தான் மிச்சம். ஒரிஜினல் ஃபைலையே அனுப்புங்க, பாஸ்வேர்ட தனியா சொல்லுங்க. ஒரு எழுத்து தப்பா இருக்குன்னு எடிட்டர்ல திறந்து நீங்களே திருத்தறது வேண்டவே வேண்டாம், எந்த சாஃப்ட்வேர்ல எப்ப சேவ் பண்ணீங்கன்னு ஃபைலுக்குள்ளயே பெரும்பாலும் பதிவாகியிருக்கும். நல்ல எண்ணத்துல பண்ணாலும் பாக்கறவங்களுக்கு அது ஃபோர்ஜரி மாதிரிதான் தெரியும். தப்ப அப்படியே விட்டுட்டு, இப்படி ஒரு எழுத்துப்பிழை இருக்கு, திருத்த விண்ணப்பிச்சிருக்கேன்னு ரசீதோட எச்ஆருக்கு மெயில் போடுங்க.

எக்ஸ்பைரி தேதிய இண்டர்வியூ போற காலத்துலயே பாத்துடுங்க, ரினியூவல் நம்ம ஜாயினிங் தேதிக்காக காத்திருக்காது.

யாருக்கு அனுப்பறோம்ங்கறதும் பாக்கணும். ஆஃபரே வராம பாஸ்போர்ட் காப்பி கேட்டா, கம்பெனி மெயில் இல்லாம சும்மா ஜிமெயில்ல இருந்து கேட்டா, வெரிஃபிகேஷன் ஃபீஸ் கட்டுங்கன்னு கேட்டா அனுப்பாதீங்க. கம்பெனி வெப்சைட்ல இருக்கற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு கேளுங்க.

எல்லாம் பண்ணியும் மிஸ்மேட்ச்னு வந்தா போன்லயே அழுதுட்டு விட்டுடாதீங்க. எந்த டாகுமெண்ட்ல எந்த வரின்னு எழுத்துல கேளுங்க, ரிப்போர்ட் காப்பியும் கேளுங்க. அமெரிக்காவுல 1970ல வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, வெளி ஏஜென்சி குடுத்த ரிப்போர்ட்ட வெச்சு வேலைய மறுக்கப் போறாங்கன்னா அதுக்கு முன்னாடியே உங்களுக்கு அதோட காப்பி தரணும், தப்பு இருந்தா அந்த ஏஜென்சிகிட்ட மறுப்பு சொல்லலாம். மத்த நாடுகள்ல விதி வேற மாதிரி இருக்கும், இருந்தாலும் கேளுங்க, கையில ப்ரூஃப் இருந்தா அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதி மெயிலோட இணைச்சு அனுப்புங்க.