மாநிறம் தீட்டப் பழக ஒரு நகல்: வெலாஸ்கெஸின் ஹுவான் தெ பரேஹா

எண்ணெய் வண்ணத்தில் முகம் பழகுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைத்தோல் முகங்களையே நகலெடுக்கிறார்கள். பிறகு வீட்டில் ஒருவரை உட்காரவைத்து வரைந்தால் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. மாநிறத்துக்கு, ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் தீட்டிய ஹுவான் தெ பரேஹா ஓவியத்தைப் போல நல்ல பாடம் அரிது. பரேஹா அவருடைய பட்டறையில் அடிமையாக இருந்தவர். பின்னாளில் தாமே ஓவியரானார். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தின் இணையதளத்தில் பெரிய அளவுப் படம் இலவசமாகக் கிடைக்கிறது.

முழு ஓவியமும் வேண்டாம். தலை, வெள்ளைக் காலர், 30×40 செ.மீ. கான்வாஸ் போதும். ஏ4 தாளில் வண்ணப் பிரின்ட் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று எடுங்கள். மொபைலைப் பார்த்து நிறம் கலக்க வேண்டாம். திரை தானே ஒளிர்வதால் உங்கள் கலவை எப்போதும் மங்கலாகத் தெரியும், வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

ஆறு டியூப்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), லைட் ரெட், அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு), பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு), ஐவரி பிளாக். நீலம் தேவையில்லை. கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், சூடான தோல் நிறத்தின் அருகில் நீலமாகவே தெரியும். பன்றிமுடி பிரஷ் 4, 6, 8ஆம் எண்கள்.

டர்பென்டைனில் (எண்ணெய் வண்ணத்தை நீர்க்கவைக்கும் கரைப்பான்) கரைத்த அம்பரைக் கான்வாஸ் முழுக்கப் பூசித் துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு அதே அம்பரால் கோட்டுருவம். கட்டம் போடாமல், நெற்றி, மூக்கு, தாடை அளவுகளை பிரஷ் காம்பால் ஒப்பிட்டு வரைந்தால் கண் பழகும். படத்தையும் கான்வாஸையும் தலைகீழாக வைத்துப் பாருங்கள். கோணல் உடனே தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிழல் முழுவதையும் ஒரே மெல்லிய அம்பராக நிரப்புங்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். இந்தக் கட்டத்தில் வெள்ளை தொடக் கூடாது.

அடுத்த அமர்வில், தீட்டுவதற்கு முன்பே ஐந்து நிறக் குவியல் கலந்துவிடுங்கள். நிழலுக்கு அம்பரும் துளி அலிசரினும். வெளிச்சத்துக்கு ஓக்கர், லைட் ரெட், கொஞ்சம் அம்பர், கொஞ்சம் வெள்ளை. இடைநிறத்துக்கு அதிலேயே கறுப்பு சேர்த்தால் லேசான பச்சைச் சாம்பல் வரும். தோலுக்கு உயிர் கொடுப்பது இதுதான். மீதி இரண்டும் இவற்றுக்கு இடைப்பட்டவை. ஒவ்வொன்றையும் கத்தி முனையில் எடுத்துப் பிரின்ட்டின் பக்கத்தில் பிடித்துச் சரிபாருங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது வெளிச்சப் பகுதியில். வெள்ளையைக் கொண்டு வெளிச்சமாக்கினால் சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும். ஓக்கரையும் சிவப்பையும் கொண்டு ஏற்றுங்கள். வெள்ளை மிகுந்த குளிர்ந்த பூச்சை நெற்றியின் மினுமினுப்புக்கென்று வைத்திருங்கள். மாநிறத் தோலில் அந்த மினுக்கம் கூர்மையாக விழும்.

கான்வாஸில் இந்த நிறங்களைப் பக்கம்பக்கமாக வையுங்கள், தேய்க்காதீர்கள். தலைமுடியின் விளிம்பு மட்டும் ஈரத்தில் பின்னணியோடு கரையட்டும். காலர் லேஸை நூல் நூலாக வரையாமல், ஆறடி தள்ளி நின்று பார்த்துச் சில தடித்த வீச்சுகளில் முடியுங்கள்.

முதல் நிறப் பூச்சுக்கு வண்ணத்தோடு டர்பென்டைன் மட்டும் கலக்குங்கள். தொட்டால் ஒட்டாத அளவு காய ஒரு வாரம் ஆகலாம். அடுத்ததற்கு இரண்டு பங்கு டர்பென்டைனுக்கு ஒரு பங்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). அடியில் எண்ணெய் மிகுந்தால் மேல்பூச்சு முன்னதாக இறுகி வெடிக்கும். அம்பர் நிழல்கள் உலர்ந்து மங்கினால் லின்சீடை மெல்லத் தடவித் துடைத்தால் பழைய ஆழம் திரும்பும்.

எண்ணெய்த் துணிகளைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். நீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.