மணல்மேட்டில் வண்டி ஓட்ட: முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் அல் பதாயர் என்று ஓர் இடம் வரும். அங்கே செம்பு நிறத்தில் சுமார் 100 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மணற்குன்றை எல்லோரும் ‘பிக் ரெட்’ என்பார்கள். பழைய டொயோட்டா பிரேடோ ஜீப் ஒன்றை வாங்கிய கையோடு அதன் அடிவாரத்துக்குப் போனேன். சாலையை விட்டு இறங்கி ஐம்பது மீட்டர்கூடப் போகவில்லை, வண்டி நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி லிஃப்ட் மாதிரி கீழே இறங்கியது. நிஸான் பட்ரோல் ஜீப்பில் வந்த ஓர் அரபுக்காரர், ஒரு வார்த்தை பேசாமல் நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மணலைக் காலால் தள்ளிவிட்டு, “ரிவர்ஸ்... ஷுவை ஷுவை” என்றார். மெல்ல மெல்ல என்று அர்த்தம். யாரும் இழுக்காமலே வண்டி வெளியே வந்தது.

அன்று நான் செய்யாத வேலையிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: காற்றை இறக்குங்கள்

சாலையில் 35 பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்த அளவு) இருக்கும் டயரை மணலுக்கு 15 பிஎஸ்ஐ வரை இறக்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் அகலமாகும் என்று நினைப்போம். உண்மையில் அது அதிகம் நீள்கிறது. தரையில் படும் பகுதி முன்னும் பின்னுமாக நீண்டு, வண்டியின் எடை பரவலாக இறங்குகிறது. ஒட்டகத்தின் பாதம் தரையில் பட்டதும் விரிவதைப் பார்த்திருந்தால் இது புரியும். மணல் ரொம்ப மிருதுவாக இருந்தால் 12 வரை போகலாம். அதற்கும் கீழே போனால், வேகமாகத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நிதானமாகத் திருப்புங்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள்.

கண் மதிப்பில் இறக்க வேண்டாம், அளவுமானி வாங்குங்கள். அதோடு ஏர் கம்ப்ரஸர், மண்வெட்டி, இழுவைக் கயிறு, அதை வண்டியில் மாட்டும் இரும்பு வளையமான டி-ஷாக்கிள், ஆளுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், வண்டியில் உயரமாகக் கட்ட ஒரு கொடி. மேட்டின் அந்தப் பக்கம் வருகிறவருக்கு முதலில் தெரிவது அந்தக் கொடிதான். ஒற்றை வண்டியாகப் போகவே கூடாது. இதில் மட்டும் நான் யாரோடும் வாதாடுவதில்லை.

படி 2: மணலைப் படியுங்கள்

காற்று வரும் பக்கம் மேடு சாய்வாக, கெட்டியாக, அலையலையான வரிகளோடு இருக்கும். மறுபக்கம் மணல் சரிந்து விழுந்து சேர்ந்தது. செங்குத்தாக, பொலபொலவென்று இருக்கும். வளைகுடாவில் ஷமால் காற்று வடமேற்கிலிருந்து அடிப்பதால், பல இடங்களில் தென்கிழக்குப் பக்கம்தான் சரிவு. அந்தப் பக்கமாக ஏற முயலாதீர்கள்.

காலையில் மணல் குளிர்ந்து சற்று இறுகியிருக்கும், நிழலும் நீளமாக விழுவதால் பள்ளம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். பள்ளம் முன்சக்கரத்துக்குக் கீழே வந்த பிறகுதான் புரியும். நவம்பர் முதல் மார்ச் வரை, அதுவும் அதிகாலையில் பழகுவதே நல்லது.

வழியில் காஃப் மரங்கள் இருக்கும். நம் ஊர் வன்னி மரமேதான் அது. ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரமும் அதுதான். கன்றுகளின் மேல் ஏற்றிவிடாதீர்கள்.

படி 3: நிறுத்தப் பழகுங்கள்

நான்கு சக்கர இயக்கத்தைச் சாதாரண வேகத்துக்கான ‘4 ஹை’ நிலையில் வைத்து, டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சக்கரம் லேசாக வழுக்கியதுமே அது எஞ்சினின் சக்தியைக் குறைத்து, நடு ஏற்றத்தில் உங்களைக் கைவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியை மேனுவல் முறைக்கு மாற்றி, இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் ஓட்டுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் மேடே வேண்டாம். சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களில் ஓட்டி நிறுத்துங்கள். பிரேக் போடாமல் காலை எடுத்தாலே போதும், மணல் பிடித்து நிறுத்திவிடும். எப்போது நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் மறுபடி கிளம்ப முடியும். புதியவர்கள் புதைவது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, போட்டோ எடுக்க ஏற்றத்திலோ குழியின் அடியிலோ நிறுத்தும்போதுதான்.

படி 4: ஏறுவதும் இறங்குவதும்

ஏறுவதற்கான வேகத்தைக் கீழேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நேராக ஏறுங்கள். முகட்டுக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போதே காலைத் தளர்த்தினால், வண்டி மெல்லத் தலைசாய்த்து அந்தப் பக்கம் இறங்கும். தளர்த்தாவிட்டால் பறக்கும். சீக்கிரமே தளர்த்தினால் வண்டியின் வயிறு முகட்டில் தட்டி, நான்கு சக்கரமும் சும்மா சுற்றும். இந்த மூன்றுக்கும் நடுவே இருப்பது அரை நொடி. பழகப் பழகத்தான் கால் அதைக் கண்டுபிடிக்கும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாத முகடு என்றால், ஒருவர் நடந்து ஏறிப் பார்த்துவிட்டுக் கையசைக்கட்டும்.

பாதியில் நின்றுவிட்டால் திரும்ப நினைக்காதீர்கள். ரிவர்ஸ் போட்டு, ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். சரிவில் குறுக்காக வண்டியைத் திருப்பினால் உருண்டுவிடும்.

இறங்குவதும் நேராகத்தான், சின்ன கியரில், பிரேக்கைத் தொடாமல். வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கினால் பயத்தில் கை மேட்டுப் பக்கம் திருப்பப் பார்க்கும், கால் பிரேக்கைத் தேடும். இரண்டுமே ஆபத்து. ஸ்டீயரிங்கை இறக்கத்தின் பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுங்கள். வண்டி நேராகிவிடும். இதை வாயால் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

படி 5: புதைந்தால்

சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லையா? உடனே காலை எடுங்கள். இறங்கிப் பாருங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும், வயிற்றுக்கு அடியிலும் உள்ள மணலைத் தோண்டுங்கள். காற்றை இன்னும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். பத்தில் எட்டு முறை இதுவே போதும்.

இழுக்க வேண்டியிருந்தால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் கயிற்றை மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் குண்டில் மாட்டவே கூடாது. அது உடைந்து தெறித்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. கயிறு இறுகும்போது மற்றவர்கள் எட்டவே நிற்கட்டும்.

வெள்ளைப் படலம் பூத்த தட்டையான தரை தெரிந்தால் ஒதுங்கிப் போங்கள். அது சப்கா என்னும் உப்புச் சேறு. மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம். அதில் இறங்கிய வண்டியை எடுக்க ஒரு நாளே போய்விடும்.

சாலைக்கு வந்ததும் காற்றடிக்காமல் கிளம்பாதீர்கள். 15 பிஎஸ்ஐயோடு நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் டயர் சூடாகி வெடித்துவிடும். சின்ன கம்ப்ரஸர் என்றால் நான்கு டயருக்கும் அரைமணி நேரம் பிடிக்கும். நான் பிளாஸ்கில் டீ கொண்டுபோவது அந்த அரைமணிக்காகத்தான்.