சர்க்கரை என்று தெரிந்ததும் தட்டில் என்ன மாற்றுவது?

ரிப்போர்ட்டில் சர்க்கரை என்று வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சோறே ஆகாது என்பார் ஒருவர். சப்பாத்தி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பார் இன்னொருவர். என் வீட்டுக்காரருக்கு ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 8.2 சதவீதம் வந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கதைதான் (6.5 தொட்டாலே சர்க்கரை நோய்க் கணக்கு). அவர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர். பட்டினி போட்டால் தாங்கமாட்டார். அதனால் அவருக்கென்று தனிச் சமையல் வைக்காமல், எல்லோருக்கும் ஆக்குகிற சாப்பாட்டிலேயே அளவையும் பரிமாறும் வரிசையையும் மாற்றினேன். தனிச் சமையல் ஒரு மாதம் ஓடும். அப்புறம் ஆக்குகிறவருக்கும் அலுப்பு, சாப்பிடுகிறவருக்கும் வெறுப்பு.

மதியச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள், மாற்றம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். நம் வீடுகளில் முதலில் தட்டின் நடுவில் சோறு குவியும், மேலே குழம்பு விழும், பொரியல் ஓரமாகக் கொஞ்சம் இருக்கும். இதைத் தலைகீழாக்குங்கள். முதலில் பாதித் தட்டை நிரப்புகிற மாதிரி பொரியலும் கீரையும் வையுங்கள். கால் பங்கு கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது. சோற்றுக்கு மிச்சக் கால் பங்குதான்.

சோற்றைக் கண்ணால் அளக்காதீர்கள், ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி பிடிக்கும் கிண்ணத்தில் தலைதட்டி எடுத்தால் அதில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து இருக்கும். எங்கள் வீட்டில் மதியத்துக்கு அந்த ஒரு கிண்ணம்தான் கணக்கு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று மூன்று முறை சோறு வாங்குகிற பழக்கத்தில்தான். அளந்த சோற்றைச் சாம்பாருக்குப் பாதி, மோருக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டு, ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொல்லுங்கள். மிளகு ரசம் சூடாகக் குடிக்க நன்றாகவே இருக்கும். சோற்றுப் பானை அடுப்படியிலேயே இருக்கட்டும், பக்கத்தில் இருந்தால் கை போகும்.

பொரியலில் பாதியாவது சாப்பிட்ட பிறகு சோற்றைத் தொடச் சொல்லுங்கள். காய்கறியும் பருப்பும் முதலில் உள்ளே போனால் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும். அதே சாப்பாடுதான், வரிசை மட்டும்தான் வேறு.

பொரியல் என்றதும் உருளைக்கிழங்கு வறுவல் செய்துவிடாதீர்கள். உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாம் சோற்றுக் கணக்கில்தான் சேரும். புடலை, பீர்க்கு, அவரை, கொத்தவரை, வெண்டை, சுரை, கோஸ், முருங்கைக்கீரை இவையே பொரியல். தட்டில் பாதி காய் என்றால் நறுக்குகிற வேலையும் கூடும், அதை மறைக்க முடியாது. நான் ராத்திரியே நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். வீட்டில் எல்லோரும் கூட உட்கார்ந்து நறுக்கலாம், அது சமைப்பவர் ஒருத்தர் தலையில் மட்டும் விழ வேண்டியதில்லை.

சிறுதானியம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரகும் சாமையும் குதிரைவாலியும் நல்லவைதான், நார்ச்சத்து உண்டு. ஆனால் அவையும் மாவுச்சத்துதான். வரகரிசிச் சோறு என்று மூன்று கிண்ணம் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தாலும் சர்க்கரை வேகமாக ஏறும், முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டுங்கள். நம் நாட்டில் சாப்பாட்டுக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதாக 2025இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சர்க்கரை நோய் ஆய்வு) சொல்கிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் நோய் வரும் ஆபத்து குறையவில்லை என்றும் அதில் இருக்கிறது. சப்பாத்திக்கும் இதே நியாயம்தான்.

காலையில் மூன்று இட்லி போதும், கூடவே காய் நிறையப் போட்ட சாம்பாரும் ஒரு அவித்த முட்டையும். பாசிப்பயறு தோசை, பருப்பு அடை இன்னும் நல்லது. பொங்கல்-வடை எப்போதாவது இருக்கட்டும்.

டீக்கடையைக் கவனியுங்கள். டீக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு நாலு டீ என்றால் அதுவே 30 கிராமுக்கு மேல். ‘வித்தவுட்’ என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். ஒரு வாரம் நாக்கு அடம்பிடிக்கும், அப்புறம் பழகிவிடும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் பேர்தான் வேறு, ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். போண்டாவுக்குப் பதில் ஒரு கை வறுத்த கடலை பையில் இருக்கட்டும். பழம் வேண்டுமென்றால் கொய்யா, பப்பாளித் துண்டு. ஜூஸ் போடாதீர்கள்.

வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்க ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிவிடுங்கள். சாப்பிடும் முன் ஒரு தரம், முதல் வாய் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தரம் பார்த்து, என்ன சாப்பிட்டார் என்பதோடு நோட்டில் எழுதுங்கள். எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது நோட்டைப் பார்த்தாலே தெரியும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் அந்த எண்ணில் வித்தியாசம் தெரியும்.

மாத்திரை போடுகிறவர்கள் சாப்பாட்டைத் திடீரெனக் குறைப்பதில் கவனம் வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தரம் கொடுங்கள். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ டீ குடிக்கிறோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் பருப்பு, முட்டை, மீனைக் கூட்டுவதற்கு முன்னால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் காட்டி டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும், அதனால் நடுவில் எடுத்துப் பார்த்துக் கலங்க வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள், மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டருக்கு அது உதவும்.