டைம்ஷேர்: கையெழுத்துப் போட்ட பிறகு விழித்துக்கொண்டேன்

டைம்ஷேர் என்பது ஒரு விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் ஒரு வாரம், தங்கும் உரிமையை விலைக்கு வாங்குவது. அதை விற்பவர்கள் பரிசு தருவதாக அழைத்து, மூன்று மணி நேரம் பேசி, "இன்று மட்டும் இந்த விலை" என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இரவில்தான் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தேன். தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதை உயர்த்தும் உரிமையும் அவர்களுக்கே. நெஞ்சு பதறியது. நல்லவேளையாக, ரத்து செய்வதற்கான அவகாசம் ஒரு பத்தியில் இருந்தது. (பல நாடுகளில் சட்டமே இதைத் தருகிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாட்கள்.) தொலைபேசியில் சொல்வதை நம்பாமல், மறுநாளே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினேன். முன்பணம் திரும்பி வந்தது.

பிறகு அதே விடுதியில், ஓர் உரிமையாளரின் வாரத்தை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்த்தோம். இடம் பிடித்திருக்கிறது. வாங்கினால் மறுவிற்பனையில்தான் வாங்குவேன். விலை பெரும்பாலும் வெகுவாகக் குறைந்திருக்கும். பழைய பராமரிப்பு பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கொடுப்பேன்.